என்பிலே தோன்றும் புற்று
(நமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கனடா நாட்டில் ரெறி பொக்ஸ் என்றோர் இளைஞன் இருந்தான். கூடைப்பந்தாட்டக்காரன். 1976ஆம் ஆண்டின் இறுதியில் அவன் வலது முழங்காலில் நோவு கண்டது. சற்று முன் நேர்ந்த மோட்டார் விபத்தே காரணமென எண்ணி, பந்தாட்டப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டான். 1977 மார்ச்சில் வைத்தியர்கள் அதனை என்புப் புற்று என்றனர். 18 வயதில், முழங்காலுக்கு மேலே கால் அகற்றப்பட்டது.

யாரும் அஞ்ச வேண்டாம். இந்நோய் மிக அரிது. நம் பிள்ளைகளின் கால்நோவு பெரும்பாலும் பந்தடியால் வந்து சில நாளில் தீர்வதே. என்புப் புற்றோ, பிள்ளை விரைந்து உயரும் வயதில், பெரும்பாலும் முழங்காலை அடுத்த என்பு முனைகளிலும், சிலவேளை தோளருகேயும் தோன்றுவது. நோவு வாரக்கணக்கில் நீளும், ஓய்ந்திருந்தாலும் தணியாது, இரவில் உறக்கத்தைக் கலைக்கும், பின்னர் வீக்கம் காணும். அடிபட்டதனால் இது வருவதில்லை. அடிபட்ட இடத்தை நாம் உற்றுப் பார்ப்பதால் அகப்படுகிறது, அவ்வளவே.

நாம் செய்வது யாது? எண்ணெய் தேய்த்து உருவுகிறோம். முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போடுகிறோம். சுளுக்குக்கு அவர் கைராசியை நான் குறைகூறேன். என் கணுக்கால் அவர் கையால் நேரானதே. ஆயினும் வீங்கிய என்பை எக்ஸ்-கதிர்ப் படம் எடாமல் உருவுதல் தகாது. கழியும் மாதங்களில் நோய் இரத்தவழியே நுரையீரலை அடைந்துவிடும்.

"எல்லாம் வினை" என்பார் உளர். கொங்கு நாட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, அது அந்நாட்டின் இயல்பென்று சம்பந்தப் பிள்ளையார் வாளாவிருந்தாரா? திருநீலகண்டப் பதிகம் பாடிச் சுரத்தை நீக்கினார் என்கிறது பெரியபுராணம்.

முன்னாளில் காலை அகற்றுவதொன்றே சிகிச்சை. அதன் பின்னும் ஐவரில் ஒருவரே பிழைத்தார். இன்று சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருந்தேற்றுகின்றனர். பரவுமுன் பிடிபட்டால் ஐவரில் மூவரேனும் பிழைக்கின்றனர். பலருக்குக் காலும் தப்புகிறது; நோயுற்ற என்பை நீக்கி உலோகம் பொருத்துகின்றனர். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆயின், ஈச்சிலம்பற்றிலிருந்து மாதக்கணக்கில் அங்கே போய்வரும் தாய்க்குப் பயணச்செலவும் துணையும் வேண்டுமே! நம் மன்றத்து நிதியில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கலாகாதா?

ரெறி பொக்ஸ் 1980 ஏப்ரல் 12இல் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினான், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட. 143 நாளில் 5,373 கிலோமீற்றர். அப்போது நோய் நுரையீரலில் தோன்றியது. 1981 யூன் 28இல், 22 வயதில் இறந்தான். அவன் பெயரால் ஆண்டுதோறும் செப்டெம்பரில் நடைபெறும் ஓட்டத்தில், அங்கே குடியேறிய நம்மவர் பிள்ளைகளும் ஓடுகின்றனர்.