மெலிவது எதன் பொருட்டு?



மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைக்கும் பழைய பாலத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். பக்கத்திலே புதிய பாலம் அமைந்து வாகனங்கள் அதன்வழிச் செல்லத் தொடங்கியபின், 1920களில் எழுந்த இவ்விரும்புப் பாலம் நடப்போருக்கு வசதியாயிற்று. வாவிக் காற்று வீசும் விடியற்பொழுதிலே அங்கே கைவீசி நடப்போரிடம் காரணம் வினவினால், "சுகத்துக்காகத்தான்" என்ற ஒரே விடை கிடைக்கும். அவ்விடை பொய்யன்று, ஆயினும் முழுமையான மெய்யென்று கொள்வதற்கும் இல்லை.

ஒருவருக்கு ஆவணியிலே மகளின் திருமணம். மணவறையருகே எடுக்கும் படத்தில் வயிறு தெரியக்கூடாது. இன்னொருவரின் மச்சாள் கனடாவிலிருந்து மெலிந்த உருவத்தோடு வந்து போனாள். அன்று தொடங்கியது இவருடைய நடை. வேறொருவர் தம் தந்தையின் காலைச் சலரோகம் கொண்டுபோனதைக் கண்ணாற் கண்டவர். வீட்டிலே பேச்சுத்துணை இல்லாமையால் நாலு முகங்களைக் காண வருவோரும் உண்டு. இவர்கள் யாவரும் 'சுகம்' என்னும் ஒரே குடையின்கீழ் ஒதுங்கிக்கொள்கின்றனர்.

அழகாகத் தோன்ற விரும்புவது இழிவென்று நான் கூறவரவில்லை. அதனை இழிவெனக் கருதுவதாலேதான் வேறு பெயரிட்டு மறைக்கிறோம். மறைப்பதனால் என்ன கேடு என்று கேட்பீர்கள். பயனை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை நோக்கமே தீர்மானிக்கின்றது. நோக்கம் மறைந்திருந்தால் பிழையான கோலை வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருப்போம்.

சென்னையிலே வைத்திய நிபுணர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளிவந்தது. சலரோகத்தின் வாயிலில் நின்ற 531 பேரை அவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் நோக்கி வந்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் 100க்கு 55 பேர் நோயாளராயினர். நடையையும் உணவு ஒழுங்கையும் கைக்கொண்ட பிரிவினருள் 100க்கு ஏறக்குறைய 39 பேரே அந்நிலையை அடைந்தனர். வியப்பு யாதெனில், இப்பிரிவினரின் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை! தராசின் முள் அசையாதிருக்க, உள்ளே உடல் நலம்பெற்றுக்கொண்டிருந்தது. தராசை மட்டுமே நம்பும் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால், ஆறு மாதத்திலேயே "இதனாற் பயனில்லை" என்று நடையைக் கைவிட்டிருப்பார். நம்மவருள் பலர் அவ்வாறே கைவிடுகின்றனர். திருமணம் முடிந்த மறுவாரமே சப்பாத்து மூலைக்குப் போய்விடுகின்றது.

இதனினும் பொல்லாத நிலை ஒன்றுண்டு. சலரோகம் கட்டுக்கடங்காமற் போகும்போது உடல் தானாகவே மெலியத் தொடங்கும், தாகம் மிகும், சிறுநீர் அடிக்கடி கழியும், காரணமில்லாச் சோர்வு வாட்டும். உண்மையாகவே சுகத்தை நாடுபவர் இம்மெலிவைக் கண்டு அஞ்சி வைத்தியரிடம் செல்வார். தோற்றத்தை நாடிக்கொண்டே சுகத்தை நாடுவதாகத் தம்மை நம்பவைத்துக்கொண்டவரோ, கண்ணாடிமுன் நின்று மகிழ்வார். ஊராரும் "நல்லா மெலிஞ்சிட்டீங்க, என்ன செய்தீங்க?" என்று பாராட்டுவார்கள். நோய்க்குக் கிடைக்கும் பாராட்டு அது! ஏற்கெனவே இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ பெற்று வருபவர், நிறை குறையட்டும் என்று சாப்பாட்டை விட்டால், குருதியிலே சீனி திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழவும் கூடும்.

வாவிக் கரையின் மூத்தோருக்கு மெலிவு ஒருபோதும் நல்ல செய்தியாக இருந்ததில்லை. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி, நீண்ட போர், 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை என்று ஒவ்வொன்றையும் கடந்து வந்த கண்களுக்கு, மெலிந்த பிள்ளை பசித்த பிள்ளையே. "என்ன மனே, இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்று கேட்டு, எருமைத் தயிரோடு இன்னுமோர் அகப்பை சோறு வைக்கும் படுவான்கரை அம்மம்மாவைச் சலரோக வைத்தியர் கண்டால் கோபிக்கக்கூடும். ஆனால் அவளுடைய நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. அதனாலேயே அவளோடு பேசி அளவைக் குறைக்க இயலும்.

ஒளிவுமறைவு மிகவும் வருந்தத்தக்கதாகும் இடம் வேறு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் இந்நாட்டிற் பல குடும்பங்கள் உணவைச் சுருக்கின. அத்தகைய வேளையில் பிட்டைப் பிள்ளைகளின் பக்கம் தள்ளிவிட்டு, "நான் இப்ப டயட்" என்று சொல்லும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவளுடைய மானத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் பட்டினியும் உணவுக் கட்டுப்பாடும் ஒரே பெயரைச் சூடிக்கொண்டால், அவளுக்கு உதவ வேண்டியவர்கள் அவளைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நிறையையும் குருதி அமுக்கத்தையும் குருதியிலுள்ள சீனியையும் பார்த்து ஆலோசனை கூறும் நிலையங்களைச் சுகாதார அமைச்சு 2011 முதல் நிறுவி வந்திருக்கின்றது. அங்கே சென்று, "நிறையைக் குறைக்க வேண்டும்" என்று நீங்கள் கூறினால், "ஏன்?" என்று வைத்தியர் கேட்கக்கூடும். "கலியாணத்துக்கு இரண்டு மாதந்தான் இருக்கிறது" என்பது காரணமானால் அதனையே சொல்லிவிடுங்கள். அவர் சிரிக்கலாம், ஆனால் எந்த மாத்திரையை விடலாகாது, எந்த வேளை உணவைத் தவிர்க்கலாகாது என்று அப்போதுதான் அவரால் உங்களுக்கேற்பச் சொல்ல முடியும். "அப்பாவைப்போல ஆகிவிடுவேனோ என்று பயம்" என்றால், தராசை ஒருபுறம் வைத்துவிட்டுக் குருதியைச் சோதிப்பார். "வீட்டிலே அரிசி போதவில்லை" என்பது விடையானால், அங்கே பேசவேண்டிய பேச்சே வேறு.