ஆயிரம் சங்கங்களும் ஒரு திட்டமும்

பிரிட்டனின் நுகர்வோர் கூட்டுறவு இயக்கம் 1955-இல் தன் எதிர்காலத்தை ஆராய ஒரு சுயேச்சைக் குழுவை அமைத்தது. தொழிற்கட்சித் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கெல் அதன் தலைவர். அந்தோனி கிராஸ்லாண்ட் செயலாளர். 1958-இல் அறிக்கை வந்தது. ஏறத்தாழ ஆயிரம் சங்கங்கள் தனித்தனியே நடத்தும் வணிகத்தை இருநூறு முந்நூறு பெரிய சங்கங்களாக இணைக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அந்த இணைப்பு முடியப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் சந்தையில் இயக்கத்தின் இடம் பறிபோயிருந்தது.

இந்த இயக்கத்தின் வேர் 1844-இல் ராச்டேல் என்ற நெசவு நகரத்தில் 28 பேர் தொடங்கிய கடை. கலப்படமற்ற சரக்கு, ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப ஈவுத்தொகை என்ற அதன் விதிமுறைகள் உலகெங்கும் பரவின. 1904-இல் தோன்றிய சென்னை திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததே. பிரிட்டனில் ஊருக்கு ஊர் சங்கம் முளைத்தது. அவற்றுக்கு மொத்தச் சரக்கு வாங்கித் தர 1863-இல் மான்செஸ்டரில் ஒரு மொத்த விற்பனைச் சங்கமும் உருவானது. 1950-களில் உறுப்பினர்கள் ஒரு கோடிக்கும் மேல். நாட்டின் சில்லறை வணிகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம் கூட்டுறவுக் கடைகளில் நடந்தது.

இயக்கத்துக்குப் புதுமை தெரியாது என்று சொல்ல முடியாது. லண்டன் கூட்டுறவுச் சங்கம் 1942-இலேயே ரொம்ஃபர்டில் சுயசேவைக் கடை திறந்துவிட்டது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் இருந்த சுயசேவைக் கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களுடையவை. வழியைக் கண்டுபிடித்தவர்களே அந்த வழியில் பின்தங்கிப் போனார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் பகுதி.

காரணம் அமைப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு சங்கமும் தனிச் சட்ட உரு. தனி நிர்வாகக் குழு, தனி இருப்பு நிதி. ஆண்டுதோறும் கூடும் கூட்டுறவு மாநாடு தீர்மானம் போடலாம், கட்டளையிட முடியாது. சங்கங்களின் பொது அமைப்பான கூட்டுறவு ஒன்றியம் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். இரு சங்கங்கள் இணைய வேண்டுமானால் இரண்டின் நிர்வாகக் குழுக்களும் ஒப்ப வேண்டும். பிறகு உறுப்பினர் கூட்டங்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதாவது, தங்கள் பதவியை ஒழிக்கும் தீர்மானத்தை முன்மொழிய வேண்டியவர்கள் அந்தப் பதவியில் இருந்தவர்களே. கூட்டங்களுக்கு வந்த உறுப்பினர்களோ மிகச் சிலர். வந்தவர்களுக்கு ‘நம் ஊர்ச் சங்கம்’ என்ற பற்று உண்டு. இணைந்தால் ஈவுத்தொகை குறையுமோ, பக்கத்து ஊரின் கடன் தலையில் விழுமோ என்ற அச்சமும் உண்டு. இந்த அச்சத்தைக் குறுகிய புத்தி என்று ஒதுக்குவது நியாயமாகாது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து சிறுகச் சேர்த்த நிதியைக் காப்பது அவர்கள் கடமையாகவே இருந்தது.

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. உற்பத்தியாளர் விதித்த விலைக்கே விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் நீங்கியது. விலை கட்டிப்போடப்பட்டிருந்தவரை ஈவுத்தொகை ஒரு மறைமுகத் தள்ளுபடியாக வாடிக்கையாளரை இழுத்துவந்தது. இப்போது டெஸ்கோ போன்ற தனியார் கடை நிறுவனங்கள் கடையிலேயே, கண்ணெதிரே விலையைக் குறைத்தன. அவர்களுக்கு ஒரே தலைமையகம், ஒரே கொள்முதல். கூட்டுறவிலோ மொத்த விற்பனைச் சங்கத்திடம்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சங்கத்தையும் கட்டாயப்படுத்த வழியில்லை.

திட்டங்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. 1960-இல் ஓர் ஆய்வு சுமார் முந்நூறு சங்கங்கள் போதும் என்றது. 1968-இல் வந்த வட்டாரத் திட்டம் ஐம்பது அளவில் போதும் என்றது. 1974-இல் அந்த இலக்கு இன்னும் சுருங்கியது. சங்கங்களின் எண்ணிக்கையும் குறையத்தான் செய்தது. ஆனால் பல இணைப்புகள் நொடித்துப்போன சங்கங்களைக் காப்பாற்ற நடந்தவை. வலுவாக இருந்தபோது கூடியிருந்தால் புதிய கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் போயிருக்கக்கூடிய பணம், பழைய நட்டங்களை அடைக்கப் போனது. அறிக்கைமேல் அறிக்கை பார்த்துச் சலித்த பணியாளர்களும் மேலாளர்களும் பட்ட ஏமாற்றம் நியாயமானது. அறிக்கை எழுதியவர்களிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர்களுக்கு அவசரம் இல்லை.

நலிந்த சங்கங்களை ஏற்று நடத்த 1934-இல் தொடங்கப்பட்ட சில்லறைக் கூட்டுறவு அமைப்பும் மான்செஸ்டர் மொத்த விற்பனைச் சங்கமும் பலமுறை பேசிப் பேசி 2000-இல்தான் ஒன்றாயின. அப்படி உருவான கூட்டுறவுக் குழுமம் 2007-இல் மற்றொரு பெரிய சங்கமான யுனைட்டெட் கூட்டுறவையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் நிர்வாக முறை பழையபடியே தேர்ந்தெடுக்கப்பட்ட அடுக்கடுக்கான குழுக்களாக நீடித்தது. குழுமத்தின் கூட்டுறவு வங்கியின் மூலதனத்தில் பெரும் பள்ளம் தெரியவந்த 2013-ஆம் ஆண்டில் குழுமத்தின் நட்டம் 250 கோடி பவுண்டு. குழுமத்தின் நிர்வாக முறையை ஆராய்ந்து 2014 மே மாதம் மைனர்ஸ் பிரபு அளித்த அறிக்கை, இயக்குநர் குழுவில் பெருவணிகத்தை நடத்தும் தகுதி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூடிய சிறப்புப் பொதுக்கூட்டம் புதிய விதிகளை ஏற்றது. தகுதி அடிப்படையில் அமையும் சிறிய இயக்குநர் குழு, அதைக் கேள்வி கேட்க உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நூறு பேர் கொண்ட மன்றம், ஆளுக்கு ஒரு வாக்கு என்பவை அந்த விதிகளில் அடங்கும்.