சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"டெக்னிகலா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். பெரிய விஷயங்களைப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நான் மிகச் சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். புரோகிராம் எழுதும் எடிட்டரில், 'இந்தச் சொல்லைத் தேர்ந்தெடு' என்று ஒரு கட்டளை கொடுக்கிறோம். அது உண்மையில் என்ன செய்கிறது என்று எழுதி வைப்பது. எடிட்டர்களுக்கான கையேடுகளை எழுதுவதும் சரிபார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. "இதுல எழுத என்ன இருக்கு?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். இருக்கிறது என்று காட்டத்தான் இந்தப் பத்து நிமிடம்.

விம் என்ற எடிட்டரை உங்களில் பலர் அறிவீர்கள். பிராம் மூலனார் என்ற டச்சுக்காரர் 1991ல் வெளியிட்டார். 2023ல் அவர் மறைந்தார். அதில் 'ஐ டபிள்யூ', 'ஏ டபிள்யூ' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. இரண்டுமே சொல்லைத் தேர்ந்தெடுப்பவைதான். "புதுச்சேரி கடற்கரைச் சாலை" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கர்சர் நடுச் சொல்லில் நிற்கிறது. முதல் கட்டளை அந்தச் சொல்லை மட்டும் எடுக்கும். இரண்டாவது, சொல்லோடு அதற்குப் பின்னால் உள்ள இடைவெளியையும் எடுக்கும். சரி, கர்சர் கடைசிச் சொல்லான 'சாலை'யில் நின்றால்? பின்னால் இடைவெளியே இல்லை. அப்போது முன்னால் உள்ள இடைவெளியை எடுத்துக்கொள்ளும். சொல்லை அழித்த பிறகு வரியில் இடைவெளி உபரியாக நிற்கக்கூடாது என்பதுதான் காரணம். கர்சர் இடைவெளியின் மேலேயே நின்றால்? முதல் கட்டளை அந்த இடைவெளியை மட்டும் எடுக்கும்!

இப்போது சொல்லுங்கள். கையேட்டில் 'சொல்லைத் தேர்ந்தெடுக்கும்' என்று மட்டும் எழுதினால் போதுமா? பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்லும் முறை இதுதான். ஒரு கட்டளையைப் பற்றி எழுதுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கர்சர் முன்பு எங்கே நின்றது? எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை தேர்வானது? கர்சர் இப்போது எங்கே நிற்கிறது? அதே கட்டளையை மறுபடி அழுத்தினால் என்ன ஆகும்? இந்த நான்குக்கும் வரியின் தொடக்கம், வரியின் முடிவு, வெற்று வரி என்று மூன்று இடங்களிலும் அழுத்திப் பார்த்து விடை எழுதுங்கள். ஊகித்து எழுதாதீர்கள்.

அடுத்து, 'சொல்' என்பதே எடிட்டருக்கு எடிட்டர் மாறுகிறது. எவை சொல்லில் சேரும் எழுத்துகள் என்று விம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடு நேர்மாறாக, எவை சொல்லைப் பிரிக்கும் குறிகள் என்று பட்டியல் வைத்திருக்கிறது. ஈமேக்ஸ் ஒவ்வொரு மொழிக்கும் தனி அட்டவணை வைத்திருக்கிறது. ஆகவே நடுவில் சிறுகோடு போட்ட ஒரு பெயர் ஓர் இடத்தில் ஒரு சொல்லாகவும் வேறோர் இடத்தில் இரு சொல்லாகவும் ஆகிவிடலாம்.

இதுவரை ஆங்கிலத்துக்கும் பொருந்தும் கதை. இனி நம் கதைக்கு வருவோம்.

'புதுச்சேரி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணி ஐந்து என்று சொல்லிவிடும். பைத்தான் மொழியிடம் கேளுங்கள், பத்து என்கிறது. உகரக் கொம்பு, புள்ளி, இரட்டைச் சுழி எல்லாம் யூனிகோடில் தனித்தனி எண் பெற்றவை. அதே சொல்லை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 30 பைட். ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால் நம் பிள்ளையைப் போலவே ஐந்து என்கிறது. மூன்று விடையும் சரிதான். எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறுபாடு. எழுத்தைப் பிரிப்பதற்கான யூனிகோடு விதிகளில் நம் 'நி' என்ற எழுத்தையே உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு விரல் நுனியில் தெரியும். 'புதுச்சேரி' என்று அடித்துவிட்டு ஈமேக்ஸில் ஒரு முறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். 'ரி' முழுவதும் போகாது; விசிறி மட்டும் போய் 'ர' நிற்கும். கர்சரை 'ரி'க்கு முன்னால் வைத்து டெலீட் அழுத்தினால் முழு எழுத்தும் போய்விடும். 'ரி'யை 'ரீ' ஆக்க விரும்புகிறவருக்கு முதலாவது வசதி. இந்த வேறுபாட்டை ஈமேக்ஸ் கையேடு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நல்ல கையேட்டுக்கு அது அடையாளம்.

எல்லாக் கையேடும் அப்படி இல்லை. பைத்தானோடு வரும் தேடல் நூலகத்தில் 'சொல்லில் வரும் எழுத்து' என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. எந்த மொழியின் சொல்லிலும் வரக்கூடிய பெரும்பாலான எழுத்துகள் அதில் அடங்கும் என்று அதன் கையேடு பல காலம் சொல்லிவந்தது, பிற்பாடு திருத்தினார்கள். நம் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். ப, த, ச, ச, ர என்று ஐந்து துண்டுகள் வந்து விழும். குறிகளெல்லாம் காணோம்! நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை.

ஓர் அலுவலகத்தின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை ஒரு சமயம் என்னிடம் வந்தது. பெயர்களைப் பிரித்தெடுக்க முன்பு யாரோ எழுதிய புரோகிராம் இந்தக் குறியீட்டை நம்பியிருந்தது. பெயர்கள் எல்லாம் மெலிந்து எலும்பாக நின்றன. நம்மைப் பொறுத்தவரை அது பிழை, அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் பெயர் சிதைந்தால் அந்த மனிதர் அந்தப் பட்டியலில் இல்லை என்றுதான் பொருள். கவுண்டருக்கு முன்னால் நிற்பவரிடம் 'உங்க பேரு இல்லையே' என்றுதானே சொல்வார்கள்?

இது கம்ப்யூட்டர் வந்தபின் முளைத்த சிக்கல் அல்ல. நம் ஊரிலேயே 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005ல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. பழைய தமிழ்ச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. சொல் எங்கே முடிகிறது என்று பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தார்கள். வேறு பாடம் இருந்தால் அடிக்குறிப்பில் காட்டினார்கள். பதம் பிரித்த அந்தப் பெரியவர்கள் செய்ததும், மவுஸை இரண்டு முறை தட்டும்போது எடிட்டர் செய்வதும் ஒரே வேலைதான். அவர்கள் தாங்கள் செய்ததை எழுதி வைத்தார்கள். அதுதான் நாம் கற்க வேண்டியது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கோர் எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சில தமிழ்ச் சொற்களை அதில் இட்டுத் தேர்வு, நகர்வு, அழிப்பு, தேடல் என்று நான்கையும் சோதியுங்கள். 'புதுச்சேரி' கட்டாயம் இருக்கட்டும். 'க்ஷ' வரும் சொல் ஒன்று இருக்கட்டும். 'கொ' வரும் சொல்லும் வேண்டும். ஏனென்றால் அந்த ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடும்போது ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். கண்டதைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என எழுதுங்கள். விம், ஈமேக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அவற்றைப் பராமரிப்பவர்கள் பார்த்து, சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். வழிகாட்ட என்னைப் போன்ற முன்னாள் மாணவர்கள் இருக்கிறோம். சனி, ஞாயிறுகளில் நேரம் ஒதுக்கத் தயார்.

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம், பணமும் வேண்டாம். பொறுமை வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் நேர்மை வேண்டும். ஆய்வக ரெக்கார்டு நோட்டில் நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்தது அதைத்தானே?