கண்டங்கத்தரி: தொண்டையா, முள்ளா?



காரியாசானின் சிறுபஞ்சமூலத்தை நடத்தும் ஆசிரியர், நூற்பெயரை விளக்க ஐந்து வேர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவார்: கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி. யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே எழுதினோம். அதனோடு நில்லாமல், 'கண்டம் என்பது தொண்டை. தொண்டைக்கு நலம் செய்யும் கத்தரி ஆதலின் கண்டங்கத்தரி' என்று விளக்கமும் உரைத்தோம். இருமலுக்கும் இளைப்புக்கும் சித்த மருத்துவரும் ஆயுள்வேத மருத்துவரும் இதனைத் தருவதால் அவ்விளக்கத்தை எவரும் ஐயுறவில்லை.

ஒருமுறை மாணவி ஒருவர் தேர்வுத்தாளில் 'முள்ளுடைய கத்தரி' என்று எழுதியிருந்தார். தமிழகத்தில் பாட்டி வீட்டருகே அச்செடியை மிதித்த பட்டறிவு அவருக்கு இருந்தது. யாமோ நாட்டு மருந்துக் கடைப் பொடியை மட்டுமே கண்டிருந்தோம். சிவப்பு மையால் அடித்து இரண்டு மதிப்பெண் குறைத்தோம்.

பிழை எம்முடையது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

வடமொழியில் முள்ளைக் குறிக்கும் 'கண்டகம்' மூச்சொலி கலவாத டகரம் உடையது. தொண்டையைக் குறிக்கும் 'கண்டம்' மூச்சொலி கலந்த டகரம் உடையது. துண்டு, பெருநிலப்பரப்பு என்னும் பொருளில் நாம் வழங்கும் 'கண்டம்' மூன்றாவது சொல். அதன் முதலெழுத்தே வேறு. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடுகளுக்கு இடமில்லை. இது குறையன்று, நம் ஒலியமைப்புக்கு அவை வேண்டுவதில்லை. ஆயினும் கடன்சொல்லின் வேரைத் தேடுவோர் தமிழ் வடிவத்தை மட்டும் நம்பினால் வழி தவறுவர்.

சரக சங்கிதையில் தொண்டைக்கு உகந்த பத்து மருந்துகளின் தொகுதி ஒன்று உண்டு. தொகுதியின் பெயரில் உள்ளது தொண்டை. அதனுள் இடம்பெறும் 'கண்டகாரிகா' என்னும் செடிப்பெயரில் உள்ளது முள். இரண்டும் அருகருகே நின்றும் எழுத்தால் வேறுபடுகின்றன. பயன் தொண்டைக்கு, பெயர் முள்ளால். இதே செடிக்குத் 'தொடுதற்கு அரியது' என்னும் பொருளில் 'துஸ்பர்சா' என்ற பெயரும் வழங்குகிறது. 'கண்டகாரி' என்பதன் ஈறு தமிழர் செவியில் 'கத்தரி' என ஒலித்தது என்பது எம் கருத்து. பூவும் காயும் கத்தரியின் உறவைக் காட்டும்போது அவ்வாறு கேட்பது இயல்புதானே!

பெயரால் இடறியவர் யாம் மட்டும் அல்லர். 1753இல் லின்னேயசு இதற்கிட்ட 'சொலானம் வர்ஜீனியானம்' என்னும் பெயரில் அமெரிக்காவின் வர்ஜீனியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. செடியோ ஆசியாவுக்கு உரியது.

ஓய்வுபெற்ற பின்னரே மதுரைப் பக்கத்துத் தரிசு நிலமொன்றில் செடியைக் கண்டோம். தரையோடு படர்ந்திருந்தது. ஊதாப்பூ, வெண்கோடு ஓடிய பச்சைக்காய், பழுத்தவை மஞ்சள். இலையின் இருபுறமும், நரம்பின் மேலும், காம்பிலும் ஊசி போன்ற மஞ்சள் முட்கள். ஒரு காயைப் பறிக்க முயன்று இருமுறை கையை இழுத்துக்கொண்டோம். உடன் வந்த உழவர் ஒருவர் சிரித்தபடியே, 'ஐயா, செருப்பைக் கழற்றிவிடாதீர்கள்' என்றார்.

அம்மாணவியின் இரண்டு மதிப்பெண்ணை இந்த அவையில் அவருக்குத் திருப்பித் தருகின்றோம்.