கப்பற் கூலியும் கைதிகளின் உயிரும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

தீவாந்தர சிக்ஷை என்றவுடன் நம்மவர்க்கு அந்தமான் தீவே நினைவுக்கு வரும். யான் இன்று சொல்லப் புகுவது அதற்கும் முற்பட்டது. இங்கிலாந்துத் துரைத்தனத்தார் தம் நாட்டுக் குற்றவாளிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய வரலாறு. அதிலும் வழிப்பிரயாணத்தை மாத்திரமே எடுத்துக்கொள்கிறேன்.

1787-ம் வருஷம் மே மாதம் புறப்பட்ட முதற் கூட்டத்தில் 11 கப்பல்கள் இருந்தன. தலைவரான ஆர்தர் பிலிப் என்பார் தாமே உடன் சென்றார். இடைத்துறைமுகங்களில் கைதிகளுக்குப் புதிய இறைச்சியும் காய்கறியும் கொடுப்பித்தார். எட்டு மாதக் கடற்பிரயாணத்தில் இறந்தோர் சிலரே.

இரண்டாம் கூட்டத்தின் கதை வேறு. நெப்டியூன், சர்ப்பிரைஸ், ஸ்கார்பரோ என்னும் மூன்று கப்பல்கள் 1790 ஜனவரியில் புறப்பட்டன. அவற்றைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அடிமை வியாபாரத்தில் பழகிய ஒரு கம்பெனியார். தலைக்குக் கூலி 17 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ். அக்கூலி ஏறினவர் கணக்குக்கேயன்றி, உயிரோடு இறங்கினவர் கணக்குக்கன்று! மூட்டைகளை வண்டியில் ஏற்றியதற்கே முழுக்கூலியும் கொடுத்துவிட்டு, கிடங்கில் எத்தனை வந்து சேர்ந்தன என்று கேளாத வியாபாரி நம்முள் எவரேனும் உளரோ?

விளைவைக் கேளுங்கள். அடிமைக் கப்பல்களில் வழங்கிய குட்டை விலங்குகளே கைதிகளின் கால்களிற் பூட்டப்பட்டன. கீழ்த்தட்டில் கடல்நீர் புகுந்து நின்றது. உணவு குறைக்கப்பட்டது. மீந்த பண்டங்களைக் கப்பல் தலைவர்கள் ஸிட்னியில் கடை வைத்து விற்றனர். பக்கத்திற் கிடந்தவன் இறந்ததை வெளியிடாமல் அவன் பங்கு உணவையும் பெற்று உண்ட கைதிகளும் உண்டு. அவர்களை இகழ எனக்கு மனம் வரவில்லை. ஏறிய சுமார் 1,000 பேரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் வழியிலேயே மாண்டனர். நெப்டியூனில் மாத்திரம் 158 பேர். ஜூன் மாதம் ஸிட்னி சேர்ந்தபோது கப்பலினுட் சென்று பார்த்த ரிச்சர்டு ஜான்ஸன் என்னும் பாதிரியார், நடக்கமாட்டாதவர்கள் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்ததைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்.

நெப்டியூன் தலைவரான டொனால்டு டிரெயில் மீது 1792-ல் லண்டனிற் கொலை வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். ஆயினும் ஒப்பந்தம் அப்படியே நிற்கவில்லை. கூலியில் ஒரு பகுதியை, கைதி உயிரோடு கரையேறிய பின்னரே கொடுப்பது என்ற ஏற்பாடு பின்னர்ப் புகுந்தது.

ஆனால் பணவேற்பாடு மட்டும் போதவில்லை. 1814-ல் வந்த சில கப்பல்களில் விஷஜ்வரம் பலரைக் கொன்றது. அதை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் வில்லியம் ரெட்பெர்ன் என்னும் வைத்தியர். அவரும் கைதியாக வந்தவரே. 1797-ல் நடந்த கடற்படைக் கலகத்திற் சேர்ந்தாரென்று மரண தண்டனை விதிக்கப்பெற்று, அது குறைக்கப்பட்டு 1801-ல் அந்நாடு சேர்ந்தவர். நல்ல காற்று, துப்புரவு, இவற்றோடு ஒவ்வொரு கப்பலிலும் அதிகாரமுள்ள வைத்தியர் ஒருவர் வேண்டுமென்றார் அவர். 1815 முதல் அவ்வாறே வைத்தியர்கள் நியமிக்கப்பட்டனர். கடைசிக் கப்பல் 1868-ல் மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்தது. வைத்தியர் மேற்பார்வை நிலைத்த பின், வழியில் இறந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவரே.