கடாசில் நோயாளிக்கு வலிப்பு வந்தால்

பக்கவாதத்துக்குப் பிறகு வர்ற வலிப்பைப் பற்றிப் போன தடவை பேசினேன். அதைக் கேட்டுட்டு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க: "வீட்டுக்காரருக்கு கடாசில்னு சொல்லியிருக்காங்க. போன மாசம் வலிப்பு வந்துச்சு. அதுவும் இந்த நோயாலதானா, டாக்டர்?" இன்னைக்கு அதுதான் பேச்சு.

கடாசில் என்பது மூளைக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தடித்துக் கெட்டுப்போகிற பரம்பரை நோய். 19ஆவது குரோமோசோமில் உள்ள நாட்ச் 3 மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம். பாரிஸ் ஆய்வாளர்கள் 1996இல் அதைக் கண்டுபிடிச்சாங்க. முப்பது வயதை ஒட்டி, கண்ணில் பளிச் பளிச்னு கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, நாற்பது, ஐம்பதுகளில் சின்னச் சின்னப் பக்கவாதம், மனச்சோர்வு, போகப்போக யோசிக்கிற வேகம் குறையும். வலிப்பு இந்த வரிசையில் முன்னால் வராது. நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வரலாம்.

ஏன் இவ்வளவு குறைவு? வலிப்பு பெரும்பாலும் மூளையின் மேற்பட்டையில், நரம்பணுக்கள் இருக்கிற சாம்பல் பகுதியில் கிளம்புவது. கடாசில் முக்கியமாகத் தாக்குவது அதற்குக் கீழே இருக்கிற வெள்ளைப் பகுதியை. ஆனா மேற்பட்டையும் முழுக்கத் தப்பிக்கிறதில்லை; அங்கேயும் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுண் சேதங்கள் உண்டு. அதனால வலிப்பு வர்றவங்க பெரும்பாலும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவங்களா இருப்பாங்க. நல்ல செய்தி, பலருக்கு ஒரே மாத்திரையிலேயே அது கட்டுப்பட்டுவிடும்.

இன்னொரு வகை இருக்கு, குடும்பத்தையே உலுக்கிவிடும். கடுமையான தலைவலியில் ஆரம்பிக்கும். அப்புறம் காய்ச்சல், உளறல், வலிப்பு, சில பேருக்கு நினைவே தப்பிடும். பார்க்கிறவங்க மூளைக் காய்ச்சல்னுதான் நினைப்பாங்க. அதுக்கான மருந்தும் ஆரம்பிப்பாங்க. அது தப்பில்லை; கிருமி இல்லைன்னு உறுதியாகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. ஆனா குடும்பத்தில் கடாசில் இருப்பது தெரிந்தால் டாக்டரின் யோசனை அந்தப் பக்கமும் போகும். இப்படிப் படுத்தவங்கள்ல பலர் ஓரிரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து பேசுவாங்க. சில பேருக்கு இந்த நோய் இருக்கிறதே அப்போதுதான் முதல் தடவையாத் தெரியவரும்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. லெவெடிரசெட்டம் இப்போ பரவலாக் கொடுக்கிற நல்ல மருந்து. ஆனா சில பேருக்கு எரிச்சலும் சோர்வும் கொண்டுவரும். கடாசிலிலேயே மனச்சோர்வு உண்டு இல்லையா? "மனுஷன் குணமே மாறிட்டார்"னு வீட்டில் சொன்னா, நோய் முத்திடுச்சுன்னு விட்டுடாதீங்க, மாத்திரையாலயும் இருக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு தொடர்ந்து வர வாய்ப்பு இருக்கு.

வலிப்பு நின்ற பிறகு ஒரு கையோ காலோ கொஞ்ச நேரம் அசையாமல் போகலாம். சில மணி நேரத்தில் சரியாகிவிடலாம். ஆனா இவங்களுக்கு உண்மையான பக்கவாதமும் வரக்கூடியதுதான். வீட்டில் வைத்து எதுன்னு முடிவு பண்ண முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. முதலில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்பதைச் சொல்லுங்க. பழைய எம்.ஆர்.ஐ. படம் கையோடு இருக்கட்டும்.

அந்த நேரத்தில், இரும்புச் சாவியைத் தேடி ஓட வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீங்க, கை காலைப் பிடித்து அமுக்காதீங்க. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்க. ஐந்து நிமிஷம் தாண்டினால் 108க்குப் போன் போடுங்க.

பிள்ளைகளுக்கு வருமா, மரபணுப் பரிசோதனை எந்த வயதில் செய்யலாம் என்றும் அந்த அம்மா கேட்டிருக்காங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பரிசோதனை பற்றி அடுத்த பகுதியில் விரிவாகப் பேசலாம்.