தாயும் ஆன பெருமான்

திருச்சிற்றம்பலம்.



சிராமலையில் எழுந்தருளியுள்ள பெருமானை வடமொழியில் மாத்ருபூதேசுவரர் என்றும், தமிழில் தாயுமானவர் என்றும் போற்றுகின்றோம். அசுரரை அழித்த வீரத்தால் இறைவன் பெயர் பெற்ற தலங்கள் பல. இத்தலத்திலோ, ஒரு பெண்ணின் பேறுகாலத்தில் துணைநின்ற எளிமையால் பெயர் பெற்றான். இத்திருநாமத்தின் பொருளையே இன்று சிந்திப்போம்.

வரலாறு நீங்கள் அறிந்ததே. தனகுப்தன் என்னும் வணிகனின் மனைவி இரத்தினாவதி சிராமலையில் நிறைசூலியாக இருந்தாள். உடனிருந்து பேறு பார்க்கப் பூம்புகாரிலிருந்து அவள் அன்னை புறப்பட்டாள். வழியில் காவிரி கரைபுரண்டு ஓடியது. தாய் அக்கரையில் தவித்தாள். மகள் இக்கரையில் துடித்தாள். வேறு துணையற்ற அப்பெண் பெருமானை அழைத்தாள். அன்னையின் வடிவிலேயே பெருமான் வந்தான், பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து நிற்க, வீட்டில் இரு தாயரைக் கண்டு அனைவரும் திகைத்தனர். அப்போது முதல் தாய் மறைந்து, உமையொருபாகனாய்க் காட்சி தந்தருளினான். செட்டிப்பெண் மருத்துவம் என்று பெருவிழாவில் இத்திருவிளையாடலை நடத்திக் காட்டுகின்றோம். சுகப்பேறு வேண்டி வாழைத்தார் சாத்தி வழிபடுவோரும் பலர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. கங்கையைச் சடையில் தாங்கியவனுக்குக் காவிரி வெள்ளம் ஒரு பொருட்டா? வெள்ளத்தை விலக்கி அந்தத் தாயை இக்கரை சேர்த்திருக்கலாமே! திருவுள்ளத்தில் நினைத்த மாத்திரத்தில் நோவின்றிப் பிள்ளை பிறக்கச் செய்திருக்கலாமே! இரண்டையும் பெருமான் செய்யவில்லை. தானே வந்து வாயிற்கதவைத் தட்டினான். வருந்தும் பெண்ணுக்கு முதலில் வேண்டுவது பற்றிக்கொள்ள ஒரு கை என்பதை அவன் அறிவான்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பிள்ளை பிறந்தவுடன் பெருமான் மறைந்துவிடவில்லை. வெள்ளம் வடியும்வரை அவ்வீட்டிலேயே தங்கினான். தாயுமற்ற, தந்தையுமற்ற பெருமான், பிறப்பிலி, ஒரு குடிசார்ந்த பெண்ணுக்குப் பத்தியம் சமைத்தும் பச்சிளங்குழந்தையைத் தாங்கியும் இருந்தான் என்று எண்ணுந்தோறும் நெஞ்சம் கசிகின்றதன்றோ? பேறு பார்த்ததனால் மட்டும் அவன் மருத்துவச்சி ஆகியிருப்பான். உடன் தங்கியதனால் தாயும் ஆனான்.

நம் முன்னோர் தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்ததன் கருத்தும் இதுவே. ஒருத்தி பத்தியம் ஆக்குவாள், ஒருத்தி பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவாள், இரவில் பாட்டி தாலாட்டுவாள், ஈன்றவள் கண்ணயர்வாள். அக்காலத்துப் பழக்கம் அனைத்தும் நன்று என்று யாம் கூறவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதும், ஈன்றவளுக்குத் தண்ணீர் மறுத்ததும் பிழைகள். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தரவேண்டும் என்கின்றது மருத்துவம். பிழையைக் களைவோம், துணையிருந்த பண்பைக் களையவேண்டா.

இந்நாளில் மருத்துவமனையில் பேறு நிகழ்வது பெரும் நன்மை. ஆயின் வீடு திரும்பிய பின்? காவிரியில் வெள்ளம் இல்லை. எனினும் எத்தனையோ தாயர் அக்கரையிலேயே நிற்கின்றனர். பிழைப்பு தேடிப் போன தொலைவு ஒரு வெள்ளம். இரு சம்பந்தி வீட்டாரின் பிணக்கு ஒரு வெள்ளம். அன்னையை இழந்த பெண்ணுக்கோ என்றும் வடியாத வெள்ளம். பிள்ளையைக் காண உறவினர் திரண்டு வருகின்றனர்; வந்தவர்க்குக் காப்பி கலந்து கொடுக்கப் பச்சையுடம்புக்காரி எழுந்து அடுப்படிக்குச் செல்கின்றாள்! பிள்ளை யார் சாயல் என்று கேட்போர் பலர். நீ உறங்கினாயா அம்மா என்று கேட்போர் சிலரே.

பிள்ளை பெற்ற மகளிருள் உலகளவில் ஏறத்தாழ 100க்கு 13 பேர் மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. காரணமின்றி அழுவாள், பிள்ளையைக் கண்டும் மகிழாள். இதனைத் திமிர் என்று ஏசுவதும், பேய் என்று வேப்பிலை அடிப்பதும் பாவம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறம். பேற்றுக்குப் பின் முதல் நாள் கவனிப்பைத் தவிர, ஆறு வாரத்திற்குள் மேலும் மூன்று முறையேனும் தாயையும் சேயையும் மருத்துவப் பணியாளர் காணவேண்டும் என்று அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டு வகுத்துள்ளது. மிகு குருதிப்போக்கோ, காய்ச்சலோ, கடுந்தலைவலியோ கண்டால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது.

அன்பர்களே! உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற பெண் இருந்தால், வீட்டுக்கு ஒரு வேளை என முறைவைத்து நாற்பது நாளும் உணவு கொண்டு செல்லுங்கள். துணிகளை அலசிக் கொடுங்கள். அவள் இரண்டு மணி நேரம் உறங்கும்வரை பிள்ளையை ஏந்தியிருங்கள். ஆடவரும் இதற்கு விலக்கல்லர். பெண்ணின் பணி என்று பெருமான் ஒதுங்கவில்லையே! சாதி பார்த்தோ, பிறந்தது ஆணா பெண்ணா என்று பார்த்தோ இத்தொண்டைக் குறைக்கவேண்டா.

வாழைத்தார் சாத்தி வழிபட்டு வீடு திரும்பும் நாம், துணையற்ற ஒருத்தியின் கதவையும் தட்டுவோமாக. அதுவே தாயுமானவனுக்கு உவப்பான பூசை. ஈன்றாரும் பிறந்தாரும் இனிது வாழ மட்டுவார்குழலி உடனமர் பெருமான் அருள்புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.